காசும் தராசும்: பவுண்டு என்பது பணமா, எடையா?

13ஆம் நூற்றாண்டில், 1266ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் ரொட்டி விற்பனைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அதன் தொடக்க வரியை முதன்முறை படிப்பவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். ஒரு குவார்ட்டர் (பெரிய தானிய அளவு ஒன்று) கோதுமை 12 பென்னிக்கு விற்கும் நாளில், ஒரு ஃபார்த்திங் விலையுள்ள வெள்ளை ரொட்டியின் எடை 6 பவுண்டு 16 ஷில்லிங் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

ஃபார்த்திங் என்றால் கால் பென்னி. நம் ஊரில் காலணா இருந்த மாதிரி. கால் பென்னி கொடுத்து வாங்கும் ரொட்டிக்கு 6 பவுண்டு 16 ஷில்லிங் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பவுண்டு எடையின் பெயராகவும் இருக்கிறது, சரி. ஆனால் ஷில்லிங்? அது பணம்தானே? ரொட்டியை ஷில்லிங்கில் எப்படி நிறுப்பது?

சட்டத்தை எழுதியவர் தவறு செய்யவில்லை. அவருடைய காலத்தில் ஷில்லிங்கும் எடைதான், பென்னியும் எடைதான். பணத்துக்கு ஒரு அளவு முறை, பொருளை நிறுக்க இன்னொரு அளவு முறை என்று இரண்டு கிடையாது. இருந்தது ஒன்றுதான். இடைக்கால இங்கிலாந்தின் நாணயங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும்.

வெள்ளிதான் பணம்

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயம் எத்தனை கிராம் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. அதன் மதிப்பு அதன்மேல் எழுதியிருக்கும் எண்ணில் இருக்கிறது. இடைக்காலப் பென்னியில் எண்ணே கிடையாது. ஒரு பக்கம் அரசரின் தலையும் பெயரும், மறுபக்கம் சிலுவையும் காசு அடித்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். மதிப்பு அந்த வெள்ளியிலேயே இருந்தது. இவ்வளவு எடை, இவ்வளவு மாற்று, அதாவது தூய்மை, உள்ள வெள்ளித் துண்டு இது என்பதற்கு அரசர் தரும் உறுதிதான் அந்த முத்திரை.

இந்த முறை கடலுக்கு அப்பால், ஐரோப்பியப் பெருநிலத்தில் தொடங்கியது. 790களில், இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்கிய அரசர் சார்லமேன் தன் நாட்டின் நாணயத்தையும் எடைகளையும் ஒருசேரத் திருத்தினார். ஒரு பவுண்டு எடையுள்ள வெள்ளியிலிருந்து 240 காசுகள் அடிக்க வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை. லத்தீனில் பவுண்டு எடைக்கு லிப்ரா என்று பெயர், காசுக்கு தெனாரியஸ். இடையில் 12 தெனாரியஸ் சேர்ந்தால் ஒரு சாலிடஸ். 20 சாலிடஸ் ஒரு லிப்ரா. இங்கிலாந்தில் இதே ஏணிதான் பவுண்டு, ஷில்லிங், பென்னி என்று ஆனது. ஆங்கிலேயர்கள் பவுண்டைக் குறிக்கக் குறுக்குக் கோடு போட்ட ‘எல்’ எழுத்தை எழுதுவது லிப்ராவின் முதலெழுத்து என்பதால்தான். பென்னியைக் குறிக்க ‘டி’ என்று எழுதியது தெனாரியஸின் முதலெழுத்து.

அதே காலத்தில் இங்கிலாந்தின் மெர்சியா பகுதியை ஆண்ட ஓஃபா (757–796) மெல்லிய, அகலமான வெள்ளிப் பென்னிகளை அடித்தார். அதற்குப் பின் ஐந்து நூற்றாண்டுகளுக்கு இங்கிலாந்தில் பென்னிதான் காசு. தங்கக் காசு வழக்கத்தில் இல்லை. ஷில்லிங் என்று ஒரு காசு கிடையாது. பவுண்டு என்று ஒரு காசு கிடையவே கிடையாது. ‘ஐந்து பவுண்டு கொடுத்தேன்’ என்று ஒருவர் சொன்னால் 1,200 பென்னிகளை எண்ணிக் கொடுத்தார் என்று பொருள். அதாவது பையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ வெள்ளியைத் தூக்கிக்கொண்டு போனார். இருபது ஷில்லிங் மதிப்புள்ள தங்கக் காசு முதன்முதலில் வந்தது 1489இல், ஏழாம் ஹென்றி காலத்தில். ஷில்லிங் காசு வந்ததும் அவர் ஆட்சியில்தான், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

ஏன் 240 என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணைப் பாதியாக்கலாம், மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஆறாக, எட்டாக, பத்தாக, பன்னிரண்டாகப் பிரிக்கலாம். எங்கும் மிச்சம் விழாது. காகிதமும் எழுதுகோலும் இல்லாமல் விரலாலும் கூழாங்கல்லாலும் கணக்குப் போடும் சந்தையில் இது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பெருந்தொகைகளைச் சொல்ல ‘மார்க்’ என்ற இன்னொரு அளவையும் வைத்திருந்தார்கள். பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 160 பென்னி. மார்க்குக்கும் காசு கிடையாது. எடையில் அது எட்டு அவுன்ஸ் வெள்ளி. ஜெர்மனியின் கொலோன் நகரத்து மார்க் எடையும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்பதால், கடல் தாண்டிய வணிகருக்கும் அது எளிதில் புரிந்தது.

கோதுமை மணியிலிருந்து கோதுமை மூட்டை வரை

எடை முறை எதற்கும் அடிமட்டத்தில் ஒரு சின்ன அலகு வேண்டும். இங்கிலாந்தில் அது தானியம். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் புழங்கிய ஒரு சட்டக் குறிப்பு அந்த ஏணியை அடியிலிருந்து நுனிவரை சொல்கிறது. ஸ்டெர்லிங் எனப்படும் ஆங்கிலப் பென்னி, வட்டமாக, ஓரம் வெட்டப்படாமல், கதிரின் நடுவிலிருந்து எடுத்த 32 கோதுமை மணிகளின் எடை இருக்க வேண்டும். 20 பென்னி ஒரு அவுன்ஸ். 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. 8 பவுண்டு ஒரு காலன் திராட்சை மது. 8 காலன் ஒரு லண்டன் புஷல். 8 புஷல் ஒரு குவார்ட்டர்.

இந்த வரிசையை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பிடித்துப்போகிறது. வயலில் விளைந்த ஒரு மணியில் தொடங்கி, காசு வழியாக ஏறி, வயலில் விளைந்ததை அளக்கும் மூட்டைக் கணக்கில் போய் முடிகிறது. நாட்டின் எடையும் கொள்ளளவும் எல்லாம் ஒரு பென்னியின் மேல் நிற்கின்றன. நடைமுறையில் அளவுகள் இவ்வளவு அழகாகப் பொருந்தவில்லை, ஊருக்கு ஊர் வேறுபட்டன. 1215இல் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் 35ஆவது பிரிவு, மதுவுக்கும் தானியத்துக்கும் துணிக்கும் நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டும், எடைகளுக்கும் அப்படியே என்று கேட்டதே அந்த வேறுபாடு மக்களை எவ்வளவு வதைத்தது என்பதற்குச் சான்று. ஆனால் எண்ணத்தில் முறை ஒன்றாகவே இருந்தது.

‘கதிரின் நடுவிலிருந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கதிரின் நுனியிலும் அடியிலும் மணி சிறுத்திருக்கும், நடுவில்தான் முற்றித் திரண்டிருக்கும். எழுதியவருக்கு வயல் தெரிந்திருக்கிறது. கணக்கும் சரியாக வருகிறது. பென்னியின் எடை ஏறக்குறைய 1.46 கிராம். அதை 32ஆல் வகுத்தால் 45 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. நன்றாக முற்றிய கோதுமை மணி ஒன்று ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

இந்த 240 பென்னிப் பவுண்டுக்குப் பின்னாளில் ‘டவர் பவுண்டு’ என்று பெயர் வந்தது. லண்டன் டவர் கோட்டைக்குள் அரசரின் அக்கசாலை, அதாவது காசு அடிக்கும் கூடம், இயங்கியதால் வந்த பெயர். எடை கிட்டத்தட்ட 350 கிராம்.

இப்போது ரொட்டிக்குத் திரும்புவோம். 6 பவுண்டு என்றால் 1,440 பென்னி. 16 ஷில்லிங் என்றால் 192 பென்னி. மொத்தம் 1,632 பென்னிகளின் எடை. கிராமில் சொன்னால் சுமார் 2.4 கிலோ. கால் பென்னிக்கு 1,632 பென்னி எடையுள்ள ரொட்டி! சட்டம் அதோடு நிற்கவில்லை. கோதுமை 18 பென்னிக்கு ஏறினால் அதே ஃபார்த்திங் ரொட்டி 4 பவுண்டு 10 ஷில்லிங் 8 பென்னி எடையாக இறங்கும். 24 பென்னிக்குப் போனால் 3 பவுண்டு 8 ஷில்லிங், சரிபாதி. கோதுமை விலை என்ன ஏறினாலும் ரொட்டியின் விலை மாறாது, அளவுதான் சிறுக்கும். மிகச் சிறிய காசே கால் பென்னி என்ற ஊரில் அதைவிட நுணுக்கமாக விலையை ஏற்றி இறக்க முடியாது. எடையை ஏற்றி இறக்கலாம். இன்று பிஸ்கட் பொட்டலங்கள் அதே விலையில் இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். அவர்கள் அதையே ஒளிவுமறைவில்லாமல் அட்டவணை போட்டுச் சட்டமாக்கினார்கள்.

முன்பு சொன்ன எடைக் குறிப்பில் இன்னொரு வரியும் உண்டு. காசு, நறுமணப் பொருள், மருந்து லேகியம் ஆகியவற்றுக்கான பவுண்டு 20 ஷில்லிங் எடை. மற்ற எல்லாப் பொருளுக்கும் பவுண்டு 25 ஷில்லிங் எடை. அதாவது விலை உயர்ந்தவற்றுக்கு 12 அவுன்ஸ் பவுண்டு, சாதாரணச் சரக்குக்கு 15 அவுன்ஸ் பவுண்டு. லேகியம் வாங்குபவரும் மெழுகு வாங்குபவரும் வேறு வேறு பவுண்டில் வாங்கினார்கள். ஆனால் இரண்டு பவுண்டையும் ஷில்லிங்கை வைத்தே விளக்கினார்கள், ஏனென்றால் எல்லோர் கையிலும் இருந்த, எல்லோருக்கும் தெரிந்த எடை காசு ஒன்றுதான்.

எண்ணி வாங்குவதா, நிறுத்து வாங்குவதா?

காசு என்றால் எடை என்றான பிறகு ஒரு சிக்கல் வருகிறது. புதுக்காசு சரியான எடையில் இருக்கும். பத்து வருடம் கைமாறிய காசு தேய்ந்திருக்கும். யாராவது ஓரத்தைச் சுரண்டியிருக்கலாம், அடித்தவரே செம்பைக் கூடக் கலந்திருக்கலாம். 240 காசை எண்ணி வைத்தால் ஒரு பவுண்டு வெள்ளி இருக்குமா?

இந்தக் கவலை அரசருக்குத்தான் அதிகம், வரி அவருக்குத்தானே வருகிறது! 1086இல் முதலாம் வில்லியம் எடுத்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேட்டில் சில ஊர்களின் வருவாய்க்கு எதிரே ‘எண்ணி’ என்று எழுதியிருக்கிறது, சிலவற்றுக்கு ‘நிறுத்து’ என்று, சிலவற்றுக்கு ‘உருக்கி நிறுத்து’ என்று. இன்னும் சில இடங்களில் ‘ஓராவுக்கு 20 பென்னி’ என்ற குறிப்பு வருகிறது. ஓரா என்பது ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த அளவு, அவுன்ஸோடு உறவுடையது. அதை 16 பென்னியாகக் கணக்கிடும் வழக்கமும் இருந்ததால், இங்கே முழு அவுன்ஸ் கணக்கு என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அரசரின் கருவூலத்தில் இது எப்படி நடந்தது என்பதை 12ஆம் நூற்றாண்டில் கருவூலத் தலைவராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். மாவட்டத்து வருவாயை ஷெரீஃப் கொண்டுவந்து கட்டம் போட்ட விரிப்புள்ள மேசைமுன் நிற்பார். கொண்டுவந்த காசுக் குவியலிலிருந்து 44 ஷில்லிங் அள்ளி நன்றாகக் கலப்பார்கள். அதிலிருந்து ஒரு பவுண்டு எடைக்கல்லுக்கு எதிரே காசைத் தராசில் போட்டு நிறுப்பார்கள். பின்பு அந்தக் காசுகளை நெருப்பில் உருக்கிக் கசடு நீக்குவார்கள். மிஞ்சும் வெள்ளிக் கட்டியை மறுபடி அதே எடைக்கல்லுக்கு எதிரே வைப்பார்கள். பவுண்டை எட்ட இன்னும் எத்தனை பென்னி போட வேண்டியிருக்கிறதோ, அத்தனை பென்னியை ஷெரீஃப் தான் கட்ட வேண்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். உருக்கும்போது ஷெரீஃப் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். 12 பென்னி குறைந்தால் நூறு பவுண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகப் போகும்.

மாற்றும் காவலும்

வெள்ளிக் கொலுசிலோ மோதிரத்திலோ ‘925’ என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. ஸ்டெர்லிங் வெள்ளி என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு உலோகத்தில் 11 அவுன்ஸ் 2 பென்னி எடை வெள்ளி இருக்க வேண்டும், மீதி 18 பென்னி எடை செம்பு. 240இல் 222. வகுத்தால் 0.925. வெள்ளியின் தூய்மையைச் சொல்லவும் பென்னிதான் அளவுகோல். சுத்த வெள்ளி மிக மென்மையானது, கொஞ்சம் செம்பு சேர்ந்தால்தான் காசு தேயாமல் நிற்கும் என்பது அந்தக் கொல்லர்களின் அனுபவ அறிவு.

இந்த எடையையும் மாற்றையும் காப்பதற்கு அவர்கள் கையாண்ட சில வழிகள் கொடூரமானவை. முதலாம் ஹென்றி காலத்தில் காசு மிகவும் கெட்டுப்போனது. சந்தைக்கு ஒரு பவுண்டு கொண்டுபோனவரால் அதில் 12 பென்னிக்குக்கூடப் பொருள் வாங்க முடியவில்லை என்று அக்காலத்து ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. 1124ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நாட்டின் காசு அடிப்பவர்கள் வின்செஸ்டர் நகருக்கு வரவழைக்கப்பட்டார்கள். ஒருவர்பின் ஒருவராக அவர்களுடைய வலக்கை வெட்டப்பட்டது, விரைகளும் நீக்கப்பட்டன.

காசின் ஓரத்தை வெட்டி வெள்ளியைச் சேர்த்துக்கொள்வது இன்னொரு தீராத தொல்லை. 1247இல் மூன்றாம் ஹென்றி புதுக்காசு அடித்தபோது பின்பக்கச் சிலுவையின் கைகள் நான்கையும் காசின் விளிம்புவரை நீட்டினார்கள். ஓரம் வெட்டினால் சிலுவை குட்டையாகி உடனே தெரிந்துவிடும். அந்தச் சிலுவைக்கு இன்னொரு பயனும் இருந்தது. சில்லறை வேண்டுமென்றால் அந்தக் கோட்டின்மேல் வைத்துக் காசை இரண்டாக, நான்காக வெட்டுவார்கள். நாலில் ஒரு பங்கு என்ற பொருளில்தான் ஃபார்த்திங் என்ற சொல்லே பிறந்தது. அரைக்காசு அரை எடை, கால் காசு கால் எடை, கணக்கு எங்கும் இடறவில்லை. வட்டமான அரைப்பென்னியும் ஃபார்த்திங்கும் முறையாக அடிக்கப்பட்டது முதலாம் எட்வர்டின் 1279ஆம் ஆண்டு நாணயத் திருத்தத்தில்தான்.

அந்தத் திருத்தத்துக்கு முந்தைய ஆண்டில் நடந்ததைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. காசின் ஓரத்தை வெட்டினார்கள் என்ற குற்றச்சாட்டில் 1278இல் நாடு முழுவதும் யூதர்கள் கைது செய்யப்பட்டார்கள். லண்டனில் மட்டும் 200க்கும் மேற்பட்ட யூதர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே குற்றத்துக்குச் செத்த கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. 1290இல் எஞ்சியிருந்த யூதர்கள் எல்லோரும் நாட்டைவிட்டே விரட்டப்பட்டார்கள். காசின் எடை பற்றிய கவலை ஒரு சிறுபான்மை மீதான வெறுப்புக்கு வசதியான கருவியாக இருந்தது.

நல்ல வழிகளும் இருந்தன. அக்கசாலையில் அடிக்கும் காசுகளில் இவ்வளவுக்கு ஒன்று என்று எடுத்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். பின்னர் ஒரு நாள் வெளியாட்கள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, எடையையும் மாற்றையும் சோதிப்பார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் பிக்ஸ். 1248லேயே இத்தகைய சோதனை பதிவாகியிருக்கிறது, 1282இல் முதலாம் எட்வர்டு அதை முறைப்படுத்தினார். மனிதக் கையால் அடிக்கும் காசில் இம்மி பிசகாமல் எடை வராது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் இவ்வளவு வரை கூடலாம் குறையலாம் என்று ஒரு வரம்பும் வைத்திருந்தார்கள். லண்டனில் பொற்கொல்லர் மன்றத்தில் ஆண்டுதோறும் இன்றும் பிக்ஸ் சோதனை நடக்கிறது.

பெயர் நின்றது, எடை நழுவியது

ஒரு பவுண்டு பணம் என்றால் ஒரு பவுண்டு வெள்ளி என்ற சமன்பாடு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு, சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களோடு தாக்குப்பிடித்தது. முதலாம் எட்வர்டு காலத்தில் பவுண்டு வெள்ளியிலிருந்து 240க்குச் சற்றே அதிகமாகக் காசு அடித்தார்கள், அவ்வளவுதான். முறிவு மூன்றாம் எட்வர்டு ஆட்சியில் வந்தது.

கிரெய்ன் என்ற சிறு எடையில் சொன்னால் பழைய பென்னி 22½ கிரெய்ன். 1346இல் அது 20 கிரெய்ன் ஆனது, அதாவது பவுண்டுக்கு 270 காசு. 1351இல் 18 கிரெய்ன், பவுண்டுக்கு 300 காசு. 1412இல் 15 கிரெய்ன், 360 காசு. 1464இல் 12 கிரெய்ன், 450 காசு. நூற்றிருபது ஆண்டுகளில் பென்னி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இதை அரசர்களின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதிலும் வெள்ளித் தட்டுப்பாடு. அக்கசாலைக்கு வெள்ளி தானாக வராது, வணிகர்கள் கொண்டுவந்து கொடுத்துக் காசாக மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்து நாட்டு அக்கசாலை அதே வெள்ளிக்கு அதிகக் காசு கொடுத்தால் வணிகர் அங்கே போவார். மேலும், புழக்கத்தில் உள்ள பழைய காசெல்லாம் தேய்ந்து எடை குறைந்திருக்கும்போது, முழு எடையில் புதுக்காசு வெளியிட்டால் அடுத்த நாளே அதை உருக்கி விற்றுவிடுவார்கள். தேய்ந்த காசின் அளவுக்குப் புதுக்காசையும் இறக்குவதைத் தவிர அரசருக்கு அதிக வழி இருக்கவில்லை. பிரான்சில் நடந்ததோடு ஒப்பிட்டால் இங்கிலாந்து மிகவும் நிதானமாகவே இறங்கியது. மக்களும் சும்மா இருக்கவில்லை. எடையிலும் மாற்றிலும் இனிக் கைவைப்பதில்லை என்ற உறுதியை 1352இல் நாடாளுமன்றம் அரசரிடமிருந்து சட்டமாகவே வாங்கியது.

ஆனாலும் எடை இறங்கத்தான் செய்தது. இந்த இடத்தில்தான் பணமும் எடையும் பிரிகின்றன. கணக்கில் 240 பென்னி ஒரு பவுண்டு என்பதை யாரும் மாற்றவில்லை. கடன் பத்திரம், குத்தகை, அபராதம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தன. தராசிலோ, 1464க்குப் பிறகு அடித்த 240 பென்னிகளைப் போட்டால் பழைய பவுண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். பவுண்டு என்ற சொல் இரண்டாகப் பிளந்தது. ஒன்று எண்ணும் பவுண்டு, மற்றொன்று நிறுக்கும் பவுண்டு.

பென்னிக்கும் அதே கதி. காசு இளைத்துக்கொண்டே போக, ‘பென்னி எடை’ என்ற அளவு மட்டும் பொற்கொல்லர்களிடம் பழைய இடத்திலேயே நின்றது. அவுன்ஸில் இருபதில் ஒரு பங்கு. எந்தக் காசின் பெயரைத் தாங்கியதோ அந்தக் காசு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

மூன்று பவுண்டுகள்

டவர் பவுண்டின் காலம் எட்டாம் ஹென்றியோடு முடிந்தது. 1520களின் பிற்பகுதியில் அக்கசாலையில் டவர் பவுண்டை நீக்கிவிட்டு டிராய் பவுண்டைக் கொண்டுவந்தார்கள். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் உள்ள த்ருவா ஊரின் பெரிய சந்தையிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பரவலான கருத்து. டிராய் பவுண்டு டவர் பவுண்டைவிட முக்கால் அவுன்ஸ் கனம். கிரெய்னில் 5,400க்குப் பதில் 5,760, கிராமில் சுமார் 373. பென்னி எடையும் 22½ கிரெய்னிலிருந்து 24 கிரெய்னாகத் தாவியது. அப்போது அடித்த பென்னிக் காசோ 11 கிரெய்ன்கூட இல்லை.

அதன்பின் எட்டாம் ஹென்றியே காசின் மாற்றிலும் கைவைத்தார், அவர் மகன் காலத்தில் 1551இல் காசில் கால் பங்குதான் வெள்ளி என்ற நிலை வந்தது. 1560இல் முதலாம் எலிசபெத் பழைய ஸ்டெர்லிங் மாற்றை மீட்டார். எடையை மீட்க முடியவில்லை.

கம்பளி, இரும்பு, இறைச்சி போன்ற கனமான சரக்குக்கு ‘அவார்டுபாய்’ என்ற மூன்றாவது பவுண்டு ஏற்கெனவே வளர்ந்திருந்தது. 16 அவுன்ஸ், 7,000 கிரெய்ன், 453.6 கிராம். இன்று பவுண்டு எடை என்றால் உலகம் நினைப்பது இதைத்தான். இலங்கையில் ஒரு இறாத்தல் பாண் (ரொட்டி) என்று கேட்டு வாங்குவதும் இந்தப் பவுண்டின் வழி வந்த அளவுதான். இந்தப் பவுண்டுக்கும் காசுக்கும் நேரடி உறவு கிடையாது. பழைய நூல் ஒன்றில் பவுண்டு என்று பார்த்தால் எந்தப் பவுண்டு என்று முதலில் கேட்க வேண்டும். தொடக்க நிலையில் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், 350, 373, 453 என்று மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் தடுமாற்றம் பாதி குறையும்.

டிராய் பவுண்டு இன்று புழக்கத்தில் இல்லை, ஆனால் டிராய் அவுன்ஸ் இருக்கிறது. உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் இவ்வளவு டாலர் என்று செய்தியில் கேட்கும்போதெல்லாம் அது 31.1 கிராம் எடையுள்ள டிராய் அவுன்ஸ்தான். அதற்குள் இருபது பென்னி எடை அடங்கியிருக்கிறது. பணத்தின் பக்கம் 240 பென்னி ஒரு பவுண்டு என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை நீடித்தது. அன்றுதான் பிரிட்டன் 100 பென்னி ஒரு பவுண்டு என்று மாறியது.

கடைசியாக ஒரு சொல், நம் வீட்டுச் சொல். 1489இல் ஏழாம் ஹென்றி அடித்த இருபது ஷில்லிங் தங்கக் காசின் பெயர் சாவரின். அந்தப் பெயரையே 1817இல் மறுபடி எடுத்து, ஒரு பவுண்டு மதிப்புள்ள புதிய தங்கக் காசுக்கு வைத்தார்கள். 22 காரட், 7.988 கிராம். அந்தக் காசு இந்தியாவுக்கும் வந்தது, 1918இல் பம்பாயிலேயே அடிக்கவும் பட்டது. தமிழ்நாட்டில் அதன் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. சாவரின் சவரன் ஆனது, பவுண்டு பவுன் ஆனது. காசு புழக்கத்திலிருந்து போன பிறகும் எட்டு கிராம் தங்கத்துக்கு அந்தப் பெயர்கள் நின்றுவிட்டன. இங்கிலாந்தில் எடையின் பெயராகப் பிறந்து பணத்தின் பெயராக மாறிய சொல், நம் நகைக்கடையில் மறுபடி எடையின் பெயராகியிருக்கிறது. கதிரின் நடுவிலிருந்து எடுத்த 7,680 கோதுமை மணிகளுக்குச் சமமான அந்தப் பழைய டவர் பவுண்டை இன்று நம் நகைக்கடைத் தராசில் வைத்தால், நாற்பத்து மூன்றே முக்கால் பவுனுக்கு ஒரு மயிரிழை குறைவாக நிற்கும்.